ஆறு பேர் ஆட்டம், இரண்டு பேர் ஆட்டம்: ஒலிம்பிக்கில் ஏன் இரண்டு வாலிபால்?

மணலில் வலை கட்டி ஆடினால் மட்டும் அது பீச் வாலிபால் ஆகிவிடாது. தேங்காப்பட்டணம் முதல் மணக்குடி வரை நம் குமரி மாவட்டக் கடற்கரையில், கடலுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் பையன்கள் ஆடுவது பெரும்பாலும் உள்ளரங்க வாலிபால்தான். இந்தப் பக்கம் ஆறு பேர், அந்தப் பக்கம் ஆறு பேர், ஆள் கூடினால் ஏழு எட்டு கூட ஆகும். தரை மட்டும்தான் மணல்.

ஒலிம்பிக்கிலும் ஆசிய விளையாட்டிலும் இவை இரண்டும் வேறு வேறு போட்டிகள். அணி வேறு, மைதானம் வேறு, பதக்கமும் வேறு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வாலிபாலுக்கு மொத்தம் நான்கு தங்கம். உள்ளரங்கில் ஆண்கள் தங்கத்தை பிரான்சும் பெண்கள் தங்கத்தை இத்தாலியும் வாங்கின. மணலில் ஆண்கள் தங்கம் சுவீடனுக்கு, பெண்கள் தங்கம் பிரேசிலுக்கு. உள்ளரங்க ஆட்டம் 1964 டோக்கியோவிலேயே ஒலிம்பிக்குக்குள் வந்துவிட்டது. பீச் வாலிபால் வர 1996 அட்லாண்டா வரை ஆனது. ஆசிய விளையாட்டில் அந்த ஆண்டுகள் 1958, 1998.

பீச் ஆட்டத்தை டிவியில் முதல் தடவை பார்க்கிற பெரியவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "ரெண்டு பேருதானா மக்கா? மத்த நாலு பேரும் எங்க?" சரியான கேள்வி. அந்த நாலு பேர் இல்லாமல் போவதால்தான் மற்ற எல்லாமே மாறுகிறது.

முதலில் மாறாததைச் சொல்லிவிடுகிறேன். வலை உயரம் இரண்டிலும் ஒன்றே: ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர். பந்தின் எடையும் ஒன்றே, 260 முதல் 280 கிராம். மூன்று தொடுதலுக்குள் பந்தை எதிர்ப்பக்கம் அனுப்பியாக வேண்டும். ஒரே ஆள் அடுத்தடுத்து இரண்டு தடவை தொடக்கூடாது. பிடித்து நிறுத்தக்கூடாது, எறியக்கூடாது. கோட்டில் பட்டால் பந்து உள்ளேதான். வலையின் இரண்டு ஓரத்திலும் சிவப்பும் வெள்ளையுமாக நட்டுக்குத்தலாக நிற்கும் குச்சிகள் ஆன்டெனா. பந்து அந்த இரண்டுக்கும் நடுவில்தான் வலையைக் கடக்க வேண்டும். மூன்று தொடுதல் என்றால் வந்த பந்தை எடுக்கும் பாஸ், அடிக்க வாகாகத் தூக்கிவிடும் லிஃப்ட், அப்புறம் அடி என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். டிவி வர்ணனையில் செட்டர் என்று சொல்வது நம் லிஃப்டரைத்தான்.

ஸ்கோரில் பழைய ஆட்டக்காரர்கள் கொஞ்சம் தடுமாறுவார்கள். அவர்கள் காலத்தில் சர்வீஸ் போட்ட அணிக்குத்தான் பாயிண்ட். மற்ற அணி ஜெயித்தால் சர்வீஸ் கை மாறும், பாயிண்ட் கிடையாது. அதனால் ஒரு செட் எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. இப்போது யார் சர்வீஸ் போட்டாலும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு பாயிண்ட் உண்டு. ஒலிம்பிக்கில் இந்த முறை உள்ளரங்கில் 2000 சிட்னியிலும், மணலில் 2004 ஏதென்ஸிலும் வந்தது.

உள்ளரங்கில் ஒரு செட் 25 பாயிண்ட். ஐந்து செட்டில் மூன்றை எடுப்பவர் வெற்றி. ஐந்தாவது செட் வரை போனால் அது மட்டும் 15. மணலில் ஒரு செட் 21. மூன்றில் இரண்டை எடுத்தால் போதும், மூன்றாவது செட் 15. எங்கேயும் இரண்டு பாயிண்ட் வித்தியாசம் வரும்வரை செட் முடியாது, எவ்வளவு நீண்டாலும் சரி.

இந்த செட் கணக்கு செய்யும் வேடிக்கையைப் பார்க்க 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டுக்குப் போகலாம். தொடக்க விழாவுக்கும் முன்பே, செப்டம்பர் 20 அன்று, இந்திய ஆண்கள் அணி தென்கொரியாவை 3–2 என்று வீழ்த்தியது. முந்தைய ஆசிய விளையாட்டில் வெள்ளி வாங்கிய அணி கொரியா. செட் விவரம்: 25–27, 29–27, 25–22, 20–25, 17–15. கூட்டிப் பாருங்கள். இந்தியா 116, கொரியாவும் 116. மொத்தப் பாயிண்டில் இருவரும் சமம், ஆனால் ஒரு அணி ஜெயித்தது, ஒரு அணி தோற்றது. பாரிஸ் பெண்கள் பீச் இறுதி இன்னும் ஒரு படி மேலே. பிரேசில் ஜோடி கனடாவை 26–24, 12–21, 15–10 என்று வென்றது. மொத்தம் கூட்டினால் பிரேசில் 53, கனடா 55. குறைவாகப் பாயிண்ட் எடுத்தவர்கள் கழுத்தில் தங்கம். ஆகவே இரண்டாவது செட்டில் பெரிதாகப் பின்தங்கிய அணி அதை விட்டுவிட்டு மூன்றாவது செட்டுக்குத் தெம்பைச் சேர்த்து வைப்பதுபோல் தெரிந்தால், "என்ன இப்படி ஆடுதான்" என்று டிவியை அணைத்துவிட வேண்டாம்.

சரி, இப்போது உள்ளரங்கத்துக்குள் போவோம்.

மைதானம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். நடுவில் வலை. ஆகவே ஒரு அணிக்கு 9க்கு 9 என்று சதுரமான இடம். அதில் முன்வரிசையில் மூன்று பேர், பின்வரிசையில் மூன்று பேர். வலையிலிருந்து 3 மீட்டர் தள்ளி ஒரு கோடு கிடக்கும். பின்வரிசை ஆள் அந்தக் கோட்டுக்கு முன்னால் நின்று எம்பி, வலைக்கு மேலே இருக்கிற பந்தை எதிர்ப்பக்கம் அடிக்கக் கூடாது. கோட்டுக்குப் பின்னாலிருந்து எம்பினால் அடிக்கலாம், அடித்துவிட்டு முன்னால் விழுந்தாலும் தப்பில்லை. சில ஆட்டக்காரர்கள் மைதானத்தின் நடுவிலிருந்து பறந்து வந்து அடிப்பது காட்சிக்காக இல்லை, இந்த விதிக்காக.

அடுத்தது சுழற்சி. எதிரணியிடமிருந்து சர்வீஸைப் பறித்ததும் ஆறு பேரும் கடிகார முள் போகிற திசையில் ஓரிடம் நகர வேண்டும். முன்வரிசை வலதில் இருந்தவர் பின்வரிசை வலதுக்கு வந்து சர்வீஸ் போடுவார். இதனால் ஆறடி ஆறங்குல ஆளும் ஒரு கட்டத்தில் பின்வரிசைக்குப் போயே ஆக வேண்டும், குள்ளமான லிஃப்டரும் வலைக்கு முன்னால் வந்தே ஆக வேண்டும். உயரமானவர்களை மட்டும் நிரந்தரமாக வலையோரம் நிறுத்திவிடாமல் தடுப்பது இதுதான். ஆனால் இந்த வரிசையைப் பார்ப்பது சர்வீஸ் அடிபடும் கணத்தில் மட்டும். பந்து கையை விட்டதும் யாரும் எங்கேயும் ஓடலாம். சர்வீஸ் வாங்கும் அணியைக் கவனித்தால் தெரியும்: ஏதோ கோணல்மாணலாக, ஒரு ஓரத்தில் நெருக்கியடித்து நிற்பார்கள். பந்து கிளம்பியதும் ஆளாளுக்கு ஒரு பக்கம் ஓடித் தங்கள் உண்மையான இடத்தைப் பிடித்துக்கொள்வார்கள். முதல் தடவை பார்ப்பவருக்கு ஏதோ குழப்பம் நடப்பதுபோல் இருக்கும். குழப்பமே கிடையாது, அந்த ஓட்டம் முழுக்க ஒத்திகை பார்த்தது.

ஆளுக்கொரு வேலை என்பதுதான் உள்ளரங்க ஆட்டத்தின் உயிர். லிஃப்டர் இரண்டாவது தொடுதலுக்குச் சொந்தக்காரர். எந்தப் பக்கம் பந்தைத் தூக்குவது என்று கடைசிக் கணம் வரை எதிரணிக்குக் காட்டாமல் வைத்திருப்பார். இடது ஓரத்தில் அடிப்பவர்கள் பாஸும் எடுப்பார்கள். வலது ஓரத்தில் நிற்பவர் பெரும்பாலும் அடி மட்டும்தான், அணியில் அதிகப் பாயிண்ட் அவர் பெயரில்தான் இருக்கும். நடுவில் நிற்கும் நெட்டையர்கள் பிளாக் போடுவதற்கும் (வலையோரம் எம்பிக் கை நீட்டி எதிரணியின் அடியைத் தடுப்பது), வலையை ஒட்டிக் குறைந்த உயரத்தில் வரும் பந்தைச் சட்டென்று அடிப்பதற்கும். அப்புறம் ஒருவர் மட்டும் வேறு நிறச் சட்டையில் இருப்பார். சிறுபிள்ளைகள் அவரை கேப்டன் என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் லிபரோ, தற்காப்புக்கென்றே இருக்கிற ஆள். பின்வரிசையில் மட்டும் ஆடுவார். பிளாக் போடக்கூடாது, சர்வீஸ் போடக்கூடாது, வலைக்கு மேலே இருக்கும் பந்தை அடித்து அனுப்பக்கூடாது. நடுவரிடம் மாற்று ஆள் என்று கேட்காமலே உள்ளே வரலாம், வெளியே போகலாம். அடிக்கடி வந்து போவதால்தான் தனி நிறம், நடுவர் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே. 1998-இல் சர்வதேச ஆட்டத்துக்கு வந்த இந்த இடம் சிட்னியில் ஒலிம்பிக்கைப் பார்த்தது. உயரம் இல்லாத நல்ல ஆட்டக்காரருக்கு உலக மட்டத்தில் ஒரு கதவு திறந்தது இதனால்தான். என்னைக் கேட்டால் நம் ஊர்ப் பையன்கள் கவனிக்க வேண்டிய ஆள் லிபரோதான், நாம் எல்லோரும் அடிப்பவரையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இதற்கு நேர் எதிர் மணல் ஆட்டம். குளச்சலில் விசைப்படகில் போகிறவர்களைப் பாருங்கள். ஸ்டியரிங் பிடிப்பவர் ஒருவர், இன்ஜினைப் பார்ப்பவர் ஒருவர், வலை இழுப்பவர்கள் வேறு. அதே கடலில் கட்டுமரத்தில் போகும் இரண்டு பேருக்கு அப்படிப் பிரிவினை கிடையாது. துடுப்பு, வலை, மீன், கரை எல்லாமே அந்த நாலு கைதான். உள்ளரங்கம் விசைப்படகு என்றால் பீச் வாலிபால் கட்டுமரம்.

கணக்காகவே பார்க்கலாம். உள்ளரங்கில் 81 சதுர மீட்டரை ஆறு பேர் காக்கிறார்கள், தலைக்கு 13.5. மணலில் மைதானம் கொஞ்சம் சிறியது, 16க்கு 8. ஒரு அணியின் பங்கு 64 சதுர மீட்டர். ஆள் இரண்டு, தலைக்கு 32. இரண்டு மடங்குக்கும் மேல், அதுவும் கால் புதையும் மணலில். மாற்று ஆள் கிடையாது. ஒருவருக்குக் காலில் பிடித்துக்கொண்டு ஆட முடியாமல் போனால் ஆட்டமே போச்சு.

இன்னொன்று இதைவிட முக்கியம். முதல் தொடுதல் ஒருவர் என்றால் இரண்டாவது மற்றவர்தான் தொட வேண்டும், மூன்றாவது திரும்ப முதல் ஆளிடம் வரும். அதாவது சர்வீஸை யார் எடுக்கிறாரோ அவரேதான் எழுந்து ஓடி அடிக்கவும் வேண்டும். எதிரணிக்கு இது போதுமே! இரண்டு பேரில் யார் களைத்திருக்கிறாரோ, யாருடைய பாஸ் தடுமாறுகிறதோ, அவர்மேலேயே எல்லா சர்வீஸையும் போடுவார்கள். எடு, எழு, ஓடு, எம்பு, அடி. விழுந்த இடத்திலிருந்து எழுந்து திரும்பினால் அடுத்த சர்வீஸும் அவருக்கே. உள்ளரங்கில் ஒருவருக்கு அன்றைக்குக் கை சரியில்லை என்றால் மற்றவர்கள் மறைத்துக் காப்பாற்றுவார்கள், இல்லையென்றால் பயிற்சியாளர் வெளியே எடுத்துவிடுவார். மணலில் ஒளிய இடமில்லை. பீச் வாலிபாலை நான் கொஞ்சம் கூடுதலாக ரசிப்பது இந்த இரக்கமில்லாத தன்மைக்காகத்தான்.

இந்தச் சிக்கலுக்கு ஒரு பதில் கண்டுபிடித்தவர்கள் பாரிஸில் தங்கம் வாங்கிய சுவீடன் இளைஞர்கள் டேவிட் ஓமானும் யோனாத்தான் ஹெல்விக்கும். இரண்டாவது தொடுதலுக்கு வருபவர் தரையில் நின்று லிஃப்ட் கொடுக்காமல், தானே அடிக்கப்போகிறவர்போல எம்புவார். எதிரணி பிளாக்கர் நம்பி எம்பினால், காற்றிலிருந்தபடியே பந்தைத் தோழனுக்குத் தள்ளிவிடுவார். பிளாக்கர் நம்பாமல் நின்றால் உண்மையிலேயே அடித்துவிடுவார். இறுதிப் போட்டியில் ஜெர்மனியை 21–10, 21–13 என்று வாரிச் சுருட்டினார்கள். ஒலிம்பிக் இறுதிக்கு அது நம்ப முடியாத ஸ்கோர். முன்பும் சிலர் எப்போதாவது இப்படிச் செய்ததுண்டு. இவர்கள் அதையே தங்கள் முழு ஆட்டமாக்கினார்கள்.

மணலுக்கென்றே சில விதிகள் உண்டு. உள்ளரங்கில் ஆடிப் பழகியவர் முதலில் மாட்டிக்கொள்வது பிளாக்கில். உள்ளரங்கில் பிளாக்கில் கை பட்டால் அது கணக்கில் வராது, அதற்கப்புறமும் மூன்று தொடுதல் உண்டு. மணலில் அது முதல் தொடுதல், மிச்சம் இரண்டுதான். அடுத்தது, விரல்களை விரித்துப் பந்தை மெதுவாக வலைக்கு மேலே தட்டிவிடுவது. உள்ளரங்கில் அது அழகான தந்திரம், மணலில் தவறு. விரல் முட்டியாலோ, விறைப்பாகச் சேர்த்து வைத்த விரல்களாலோ தட்ட வேண்டும். இரண்டு கை விரல்களாலும் பந்தைத் தலைக்கு மேல் தள்ளி எதிர்ப்பக்கம் அனுப்புவதென்றால், தோள் எந்தத் திசையைப் பார்க்கிறதோ அதற்கு நேர் முன்னாலோ நேர் பின்னாலோதான் போக வேண்டும். 3 மீட்டர் கோடு கிடையாது, வலைக்குக் கீழே நடுக்கோடும் கிடையாது. எதிரணி ஆட்டத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் கால் அந்தப் பக்கம் போனாலும் பரவாயில்லை. சுழற்சியும் இல்லை. சர்வீஸ் மட்டும் மாறி மாறிப் போட வேண்டும்.

சர்வீஸுக்கு முன்னால் வலையோரம் நிற்பவர் கையை முதுகுக்குப் பின்னால் வைத்து விரல் காட்டுவதைக் கவனித்திருப்பீர்கள். அது தோழருக்கு மட்டும் தெரியும் சேதி. ஒரு விரல் என்றால் ஓரக் கோட்டை ஒட்டி வரும் அடியை நான் பிளாக்கில் மறைக்கிறேன். இரண்டு விரல் என்றால் குறுக்கே வரும் அடியை மறைக்கிறேன். மடக்கிய கை என்றால் பிளாக்கே போடப் போவதில்லை, பின்னால் வந்துவிடுகிறேன். இடது கை இடப்பக்க எதிராளிக்கு, வலது கை வலப்பக்க எதிராளிக்கு. பின்னால் நிற்பவர் இதைப் பார்த்துத்தான் மிச்ச இடத்துக்கு ஓடுகிறார். இதைத் தெரிந்துகொண்டு ஒரு ஆட்டம் பார்த்தால் பாதி புரிந்துவிடும்.

காற்றைப் பற்றி நம் மாவட்டத்தில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முப்பந்தலில் காற்றாலை நட்டதே அதற்காகத்தானே. மணல் ஆட்டத்தில் ஒரு பக்கம் காற்று முகத்தில் அடிக்கும், மறுபக்கம் முதுகில் தள்ளும். அது அநியாயமாகிவிடக் கூடாது என்பதால் இரண்டு அணியின் பாயிண்டையும் கூட்டி ஒவ்வொரு ஏழுக்கும் பக்கம் மாறுவார்கள். மூன்றாவது செட்டில் ஒவ்வொரு ஐந்துக்கும். எந்தப் பக்கம் நல்லது என்று கேட்டால் புதிதாக ஆடுபவர் முதுகுக் காற்று என்பார். அனுபவசாலிகள் சர்வீஸ் போட எதிர்க்காற்றைக் கேட்பார்கள். முதுகுக் காற்றில் பலமாக அடித்த பந்து கோட்டைத் தாண்டிப் போய்விடும். எதிர்க்காற்றில் சுழலாமல் தட்டிய பந்து ஆடி ஆடி வந்து, வலையைக் கடந்ததும் பொத்தென்று இறங்கும். எடுப்பவர் பாடு திண்டாட்டம்.

பந்தும் ஒன்றல்ல. எடை ஒன்றுதான் என்று சொன்னேன். ஆனால் உள்ளரங்கப் பந்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.30 முதல் 0.325 கிலோ காற்றழுத்தம், பீச் பந்தில் 0.175 முதல் 0.225 வரைதான். சுற்றளவு ஒரு சென்டிமீட்டர் கூடுதல். மெத்தென்று இருக்கும், கைக்கு வலிக்காது, காற்றுக்குச் சட்டென்று வளைந்து கொடுக்கும். நம் கடற்கரையில் பெரும்பாலும் ஸ்கூல் கிரவுண்டு பந்தைத்தான் மணலுக்கும் எடுத்து வருகிறார்கள். அதில் ஆடிப் பழகியவருக்கு உண்மையான பீச் பந்தை லிஃப்ட் செய்யக் கொஞ்ச நாள் பிடிக்கும்.

மணலிலும் கணக்கு உண்டு. குறைந்தது 40 சென்டிமீட்டர் ஆழம், சலித்த மணல், கல் இருக்கக் கூடாது, சிப்பி இருக்கக் கூடாது, உடம்பில் ஒட்டும் தூசியும் ஆகாது. அதனால் ஒலிம்பிக்கில் பீச் வாலிபால் உண்மையான பீச்சில் நடக்க வேண்டும் என்றே இல்லை. சிட்னியில் போண்டை கடற்கரையிலும், 2016 ரியோவில் கோப்பகபானா கடற்கரையிலும் நடந்தது. 2012 லண்டனில் அரண்மனைக் குதிரைப்படை அணிவகுக்கும் மைதானத்தில் குவாரி மணலைக் கொட்டி நடத்தினார்கள். பாரிஸில் ஈஃபில் கோபுரத்தின் காலடியில். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் வெயிலுக்கு மணல் சுட்டதால் குழாய் வைத்துத் தண்ணீர் தெளிக்க வேண்டியிருந்தது. மத்தியான நேரத்தில் மணவாளக்குறிச்சிக் கருமணலில் வெறுங்காலோடு நடந்தவருக்கு அது புரியும். தாதுமணல் கலந்த கறுத்த மணல் வெயிலை அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளும்.

பாரிஸ் பெண்கள் இறுதியைப் பற்றி ஒரு சின்ன சங்கதி. மூன்றாவது செட்டில் பிரேசிலின் ஆனா பத்ரீசியாவும் கனடாவின் பிராண்டி வில்கர்சனும் வலைக்கு இரண்டு பக்கமும் நின்று வாய்ச்சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள். நடுவர் சமாதானம் செய்துகொண்டிருக்கும்போதே, மைதானத்தில் பாட்டுப் போடும் ஆள் உலக அமைதிப் பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டார். கூட்டம் சேர்ந்து பாட, சண்டை போட்ட இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். ஒவ்வொரு பாயிண்டுக்கும் நடுவே பாட்டு ஒலிக்கும் பழக்கம் பீச் வாலிபாலோடு ஒட்டிக்கொண்டது. நம் ஊர்க் கோயில் திருவிழா மேட்சுகளின் மைக்செட்டோடு வளர்ந்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதாகத் தோன்றாது.

போட்டி எப்படி நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாரிஸில் உள்ளரங்கில் ஆண்களில் 12 அணி, பெண்களில் 12 அணி. நான்கு நான்காக மூன்று பிரிவு, எட்டு அணிகள் காலிறுதிக்கு. பிரிவு ஆட்டத்தில் 3–0 அல்லது 3–1 என்று ஜெயித்தால் மூன்று புள்ளி. 3–2 என்றால் ஜெயித்தவருக்கு இரண்டு, தோற்றவருக்கும் ஒன்று. மணலில் ஆண்களில் 24 ஜோடி, பெண்களில் 24 ஜோடி, ஆறு பிரிவு. முதல் இரண்டு இடக்காரர்கள் நேராக அடுத்த சுற்றுக்கு. மூன்றாம் இடம் வந்தவர்களில் சிறந்த இரண்டு ஜோடியும் நேராகப் போகும். மீதி நான்கு ஜோடிகள் தங்களுக்குள் மோதி இரண்டு இடத்தைப் பிடிக்கும். பதினாறு ஜோடி ஆனதும் தோற்றால் வெளியே. ஒரு நாட்டுக்கு ஆண்களில் அதிகபட்சம் இரண்டு ஜோடி, பெண்களில் இரண்டு. பீச் வாலிபாலில் நுழைவதற்கு நாட்டின் பலத்தைவிட ஜோடியின் உழைப்புக்குக் கூடுதல் மதிப்பு. 24 இடங்களில் 17 இடம் உலகச் சுற்றில் ஆடி ஜோடி சேர்த்த தரவரிசைப் புள்ளிக்கே போனது. ஊர் ஊராகப் பறக்கப் பணம் வேண்டும் என்பது வேறு விஷயம்.

இந்தியா எங்கே நிற்கிறது? ஒலிம்பிக் வாலிபாலில், உள்ளரங்கிலும் சரி மணலிலும் சரி, இந்தியா இதுவரை ஆடியதே இல்லை. ஆசிய விளையாட்டில் மூன்று பதக்கம், மூன்றுமே ஆண்கள் உள்ளரங்க அணி வாங்கியவை: 1958 டோக்கியோவில் வெண்கலம், 1962 ஜகார்த்தாவில் வெள்ளி, 1986 சியோலில் வெண்கலம். சியோல் அணியில் ஆடிய கேரளத்து ஜிம்மி ஜார்ஜைப் பற்றி மார்த்தாண்டம் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். இத்தாலியில் தொழில்முறையாக ஆடிக்கொண்டிருந்தவர், 1987-இல் அங்கேயே கார் விபத்தில் இறந்தார். தமிழ்நாட்டின் ஜி.இ. ஸ்ரீதரனுக்கு 1982-இல் அர்ஜுனா விருது கிடைத்தது. ஹாங்சோவில் கொரியாவை வீழ்த்திய உற்சாகம் காலிறுதியில் ஜப்பானிடம் அடங்கியது, ஆறாவது இடத்தோடு திரும்பினார்கள். கடற்கரை இவ்வளவு நீளமாக இருக்கிற நாட்டுக்கு பீச் வாலிபாலில் ஆசியப் பதக்கம் ஒன்றுகூட இல்லை என்பது எனக்கு உறுத்துகிறது. ஆறு பேர் ஆட்டத்துக்கு, மாற்று ஆட்களோடு பன்னிரண்டு பேரைத் தேடிப் பயிற்சி கொடுக்கும் செலவில், ஜோடிகளை எத்தனையோ உருவாக்கலாமே.

ஒரு ஆட்டத்திலிருந்து மற்றதற்குத் தாவ முடியுமா? முடியும், ஆனால் லேசில்லை. அமெரிக்காவின் கார்ச் கிராய் 1984, 1988 ஒலிம்பிக்கில் உள்ளரங்கத் தங்கம் வாங்கினார். பிறகு மணலுக்குப் போய், பீச் வாலிபால் அறிமுகமான 1996-இலேயே அதிலும் தங்கம். இரண்டிலும் ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர் உலகத்தில் அவர் ஒருவர்தான். அது போதாதென்று 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பெண்கள் உள்ளரங்க அணிக்குப் பயிற்சியாளராக இருந்து தங்கம் வாங்கிக் கொடுத்தார். மணலிலேயே நிலைத்தவர்களில் மிஸ்டி மே-டிரெனர், கெர்ரி வால்ஷ் ஜென்னிங்ஸ் ஜோடியை மிஞ்ச ஆள் இல்லை. 2004, 2008, 2012 என்று தொடர்ந்து மூன்று தங்கம்.

சங்குத்துறையிலோ சொத்தவிளையிலோ உண்மையான பீச் வாலிபாலை ஆடிப் பார்க்க நினைப்பவர்களுக்குச் சில யோசனைகள். அலை நனைக்கும் இறுகிய மணலை விட்டு, மேலே காய்ந்த மணலில் சமமான இடமாகப் பாருங்கள். மைதானத்தின் 16 மீட்டர் நீளம் கரையோடு சேர்ந்து போகட்டும். அப்படி அமைத்தால் கடலில் இறங்கும் சாயங்கால வெயில் யாருடைய கண்ணிலும் நேராக அடிக்காது, கடல் காற்றும் குறுக்காக வரும், கரைச் சரிவும் இரண்டு அணிக்கும் ஒரே மாதிரி. எல்லைக்கு அகலமான துணி நாடா போதும். நைலான் கயிறு வேண்டாம், பாய்ந்து விழும்போது கால் விரலில் மாட்டும். சுற்றிலும் மூன்று மீட்டர் வெற்றிடம் விடுங்கள். பந்திலிருந்து கொஞ்சம் காற்றை இறக்குங்கள். ஆறு பேர் வந்தால் மூன்று ஜோடி. இரண்டு ஜோடி ஆடட்டும், மூன்றாவது ஜோடி வெளியே நின்று ஸ்கோர் எண்ணி, கூட்டுத்தொகை ஏழு, பதினான்கு, இருபத்தொன்று என்று வரும்போதெல்லாம் பக்கம் மாறச் சொல்லட்டும். தோற்ற ஜோடி வெளியே, நின்ற ஜோடி உள்ளே.